ஹன்னாவின் வெட்கம்: பெரம்பூர்த் திரையிடலில் 'தி ரீடர்'

ஸ்டீபன் டால்ட்ரி இயக்கி 2008ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி ரீடர்' திரைப்படத்தைக் காதல் கதை என்று எண்ணி வந்து உட்காருகிறவர்களை அதன் முதல் பகுதி ஏமாற்றாது. அந்தப் பகுதியில் அவர்கள் எந்தப் பெண்ணுக்காக மனம் இரங்கினார்களோ அவளையே அடுத்த பகுதி குற்றவாளிக் கூண்டில் கொண்டுவந்து நிறுத்துகிறது. இரங்கிய மனத்தை இனி என்ன செய்வது என்பதைப் பார்வையாளர் பொறுப்பில் விட்டுவிடுகிறது. போருக்குப் பிந்தைய ஜெர்மனியைப் பற்றி நான் பார்த்த படங்களில் இந்த அளவுக்குச் சங்கடப்படுத்தியது வேறில்லை. அந்தச் சங்கடத்தின் பெரும்பகுதி நேர்மையானது என்றும், ஒரு பகுதி நேர்மையில் தவறியது என்றும் கருதுகிறேன். படத்தைப் பற்றியும், அதைப் பார்க்கக் கிடைத்த இடத்தைப் பற்றியும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

பெரம்பூரில் வாசகர் வட்டம் ஒன்று, மாடிக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் உலகப் படம் ஒன்றைத் திரையிடுகிறது. கட்டணம் கிடையாது, வாசலில் உண்டியல் வைத்திருக்கிறார்கள், விரும்பியதைப் போடலாம். வியாசர்பாடி, ஓட்டேரி, கொளத்தூர், தண்டையார்பேட்டை ஆகிய பகுதிகளிலிருந்து வருகிறவர்களே மிகுதி. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள், உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் இளம் வழக்கறிஞர்கள் எனக் கூட்டம் கலவையாக இருக்கும். இத்தகைய படங்களைப் பலரோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டுமானால் நுங்கம்பாக்கத்துக்கோ ஆழ்வார்பேட்டைக்கோதான் போக வேண்டும் என்று பழகிப்போன வடசென்னைக்காரர்களுக்கு, வீட்டிலிருந்து நடந்தே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப முடிவது சிறிய வசதி அன்று.

ஏற்பாடுகள் எளிமையானவை. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் திரை, ஓரளவு நல்ல புரொஜெக்டர், இடைவேளையில் டீயும் சமோசாவும். மின்விசிறிகளின் இரைச்சலில் மெல்லிய குரலில் பேசப்படும் வசனங்கள் அமுங்கிவிடுகின்றன. ஆங்கில வசன வரிகள் ஓடுவதால் சமாளிக்க முடிகிறது. நுழையும்போதே கையில் தரப்படும் ஒரு பக்கத் தமிழ் அறிமுகத் தாளைத் தனியாகப் பாராட்ட வேண்டும். காலம், இடம், பாத்திரங்கள் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, கதையின் முடிச்சை அவிழ்க்காமல் விட்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கட்டுப்பாடு கைகூடாது. முடிச்சைத் தொடாமல் இந்தப் படத்தைப் பற்றி உருப்படியாக எதையும் பேச முடியாது என்பதால், படம் பார்க்காதவர்கள் விரும்பினால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

1958ஆம் ஆண்டு. மேற்கு ஜெர்மனியின் ஒரு நகரத்தில், பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் உடல்நலம் குன்றித் தெருவோரம் வாந்தியெடுக்கும் பதினைந்து வயது மிக்கேலை, டிராம் வண்டியில் நடத்துநராக வேலை பார்க்கும் ஹன்னா கழுவித் துடைத்து வீட்டுக்கு அனுப்பிவைக்கிறாள். அவளுக்கு வயது முப்பத்தாறு. உடல் தேறியபின் நன்றி சொல்லப் போகிறவன் அவளுடைய காதலனாகிறான். நாளடைவில் அவர்களுக்குள் ஒரு சடங்கு உருவாகிறது: அவன் புத்தகத்தை உரக்கப் படிக்க வேண்டும், அவள் கேட்பாள். ஹோமரும் செக்காவும் அந்தச் சிறிய அறைக்குள் வந்து சேர்கிறார்கள். டிராம் நிறுவனம் அவளுக்கு அலுவலக வேலைக்குப் பதவி உயர்வு தரும் நாளில், ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவள் ஊரைவிட்டுப் போய்விடுகிறாள்.

அடுத்துப் பேச வேண்டியதை எடுப்பதற்கு முன், அந்த உறவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பதினெட்டு வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், பதினைந்து வயதுப் பையனைப் புகழ்ந்தும் அதட்டியும், சேர்த்துக்கொண்டும் விலக்கிவைத்தும் தன் கைப்பிடிக்குள் வைத்திருக்கும் முப்பத்தாறு வயதுப் பெண்ணின் செயலைக் காதல் என்ற ஒரே பெயரால் அழைத்துவிட முடியாது. மிக்கேலாக நடித்த டேவிட் குராஸுக்குப் பதினெட்டு வயது நிறையும்வரை நெருக்கமான காட்சிகளின் படப்பிடிப்பைத் தள்ளிவைத்தார்கள் என்பது படக்குழுவின் பொறுப்புணர்வைக் காட்டுகிறது. ஆனால் அந்தக் காட்சிகளின் பொன்னிற ஒளி, படம் இதை ஒரு கோடைக்கால இன்பமாக நினைவுகூரவே விரும்புகிறது என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. பின்னாளில் யாரிடமும் ஒட்டாத மனிதனாக, மணவிலக்குப் பெற்றவனாக, மகளிடம்கூட மனம் திறக்காதவனாக மிக்கேல் வளர்ந்து நிற்பதைப் பார்க்கும்போதுதான், அந்த இன்பத்துக்கு அவன் கொடுத்த விலை புரிகிறது. இத்தகைய காட்சிகள் உள்ள படத்துக்கு வயது வந்தோருக்கு மட்டும் என்ற குறிப்பை அமைப்பாளர்கள் அறிவிப்பில் சேர்க்கவில்லை. பள்ளிச் சீருடை வயதுடைய மகனை அழைத்துவந்திருந்த ஒருவர் அரை மணி நேரத்துக்குள் எழுந்து போக நேர்ந்தது. அவர் முகத்தில் தெரிந்த எரிச்சல் நியாயமானது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1966இல், சட்டக் கல்லூரி மாணவனாகப் போர்க்குற்ற வழக்கு ஒன்றைப் பார்க்கப் போகும் மிக்கேல், குற்றம் சாட்டப்பட்ட பெண்களின் வரிசையில் ஹன்னாவைப் பார்க்கிறான். அவள் நாஜிகளின் எஸ்.எஸ். படையின் காவலாளியாக, யூதர்களைக் கொன்றுகுவித்த ஆஷ்விட்ஸ் முகாமில் வேலை பார்த்தவள். கைதிகளை நடத்திச் சென்ற ஒரு பயணத்தின்போது, இரவில் அவர்களைப் பூட்டிவைத்திருந்த தேவாலயம் தீப்பற்றியபோது, கதவைத் திறக்காமல் முந்நூறு யூதப் பெண்களைச் சாகவிட்டார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அதற்கு முன்பே, மாதந்தோறும் கொலைக்கு அனுப்ப வேண்டியவர்களைத் தேர்ந்தெடுத்த பொறுப்பிலும் அவளுக்குப் பங்கு உண்டு.

படத்தின் தலைசிறந்த பகுதி இந்த நீதிமன்றம்தான். மற்றப் பெண்கள் மறுத்தும் மழுப்பியும் பேசுகையில், ஹன்னா கேட்ட கேள்விக்குக் கேட்டபடியே பதில் சொல்கிறாள். புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், இடம் வேண்டியிருந்தது, ஆகவே பழையவர்களை அனுப்பினோம் என்கிறாள். கதவைத் திறந்திருந்தால் கட்டுப்பாடு போய்விட்டிருக்கும், அவர்களுக்கு நாங்கள்தானே பொறுப்பு என்கிறாள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நீதிபதியையே திருப்பிக் கேட்கிறாள். அவரிடம் பதில் இல்லை. ஹன்னாவாக நடிக்கும் கேட் வின்ஸ்லெட் இந்த வசனங்களைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொடூரமும் இல்லை, வருத்தமும் இல்லை. கணக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று புரியாமல் நிற்கும் ஒரு பண்டகசாலை ஊழியரின் குழப்பம் மட்டுமே இருக்கிறது. 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது கிடைத்ததற்கு இந்த ஒரு காட்சித் தொடரே போதுமான காரணம்.

அதன் பிறகு வருகிறது முடிச்சு. தேவாலயச் சம்பவம் குறித்த அறிக்கையை எழுதியவள் ஹன்னாதான் என்று மற்றவர்கள் சொல்ல, கையெழுத்தை ஒப்பிடுவதற்காக அவள் முன்னால் தாளும் பேனாவும் வைக்கப்படுகின்றன. அவளுக்கு எழுதவும் படிக்கவும் தெரியாது. அதைச் சபையில் ஒப்புக்கொள்ள மனம் வராமல், அறிக்கையை எழுதியவள் நான்தான் என்கிறாள். மற்றவர்களுக்குக் கொலைக்கு உடந்தையாக இருந்ததற்காக நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும். அவளுக்கு ஆயுள் தண்டனை. முந்நூறு பேர் எரிந்ததைத் தலை நிமிர்ந்து சொல்ல முடிந்தவளுக்கு, எழுத்து தெரியாது என்பதைச் சொல்ல முடியவில்லை.

பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மிக்கேலுக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிடுகிறது: ஏன் எப்போதும் தன்னையே படிக்கச் சொன்னாள், உணவகத்தில் ஏன் தன்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னாள், பதவி உயர்வு கிடைத்ததும் ஏன் ஓடிப்போனாள் என்பதெல்லாம். அவன் எழுந்து சொன்னால் தண்டனை குறையும். பேராசிரியரும் அவனை வற்புறுத்துகிறார். சிறைக்குப் போய், பார்க்கக் காத்திருந்து, பார்க்காமலே திரும்புகிறான். அவளுடைய இரகசியத்தைக் காக்கும் மரியாதை அது என்று வாதிடலாம். அவளோடு தன் பெயர் சேர்ந்துவிடுமே என்ற கோழைத்தனம் என்றும் வாதிடலாம். படம் எந்தப் பக்கமும் சாயவில்லை என்பதே அதன் வலிமை. பெர்ன்ஹார்ட் ஷிலிங்க் 1995இல் எழுதிய மூல நாவல், போருக்குப் பின் வளர்ந்த ஜெர்மானியத் தலைமுறையின் கதையாகப் படிக்கப்பட்டதற்கும் இதுவே காரணம். தாங்கள் நேசித்தவர்களே அந்தக் குற்றங்களைச் செய்திருந்தார்கள் அல்லது கண்டும் காணாமல் இருந்தார்கள் என்பதை அறிந்த பிள்ளைகள் எந்த முகத்தோடு அவர்களைக் கண்டிப்பார்கள், எந்த முகத்தோடு அணைத்துக்கொள்வார்கள்?

நீதிமன்றக் காட்சிகளுக்கு வரலாற்றுப் பின்புலம் இருக்கிறது. ஹெஸ்ஸன் மாநிலத் தலைமை வழக்கறிஞர் பிரிட்ஸ் பாவரின் முயற்சியால் 1963 டிசம்பரில் பிராங்பர்ட் நகரில் தொடங்கிய ஆஷ்விட்ஸ் வழக்கு 1965 ஆகஸ்ட்டில் முடிந்தபோது, தீர்ப்புப் பெற்ற இருபது பேரில் ஆறு பேருக்கு மட்டுமே ஆயுள் தண்டனை கிடைத்தது, மூவர் விடுவிக்கப்பட்டனர். ஒருவர் தானாகவே, குறிப்பிட்ட ஒரு கொலையைச் செய்தார் என்று நிறுவினால்தான் அன்றைய ஜெர்மானிய நீதிமன்றங்கள் அவரைக் கொலையாளி என்று கொண்டன, மற்றவர்கள் உடந்தையாளர்கள். முகாமின் இயந்திரம் ஓடுவதற்கு அங்கே வேலை பார்த்ததே போதிய குற்றம் என்ற நிலையை 2011இல் முனிச் நகரில், சோபிபோர் கொலை முகாமில் காவலாளியாக இருந்த டெம்யான்யுக்கின் வழக்கில் வந்த தீர்ப்புத்தான் வலுவாக முன்வைத்தது. அதன் தொடர்ச்சியாக, ஸ்டுட்ஹோப் முகாமில் தட்டச்சுச் செயலாளராக இருந்த 97 வயதுப் பெண் ஒருவர் 2022 டிசம்பரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகளுக்கு உடந்தை எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். ஓர் அறிக்கையை எழுதிய கை எது என்பதில் ஹன்னாவின் தலைவிதி தொங்குவது திரைக்கதை வசதி மட்டும் அன்று என்பதை இந்தப் பின்னணி தெரிந்தவர்கள் உணர்வார்கள். அறிமுகத் தாளில் இதற்கு நான்கு வரிகள் ஒதுக்கியிருந்தால், முதன்முறை பார்க்கிறவர்களுக்குப் பேருதவியாக இருந்திருக்கும்.

எனக்குள்ள பெரிய மறுப்பு, படம் எழுத்தறிவுக்குக் கொடுக்கும் இடத்தைப் பற்றியது. சிறையில் இருக்கும் ஹன்னாவுக்கு, நடுவயது மிக்கேல் புத்தகங்களை ஒலிநாடாவில் படித்துப் பதிவுசெய்து அனுப்புகிறான். அவள் சிறை நூலகத்திலிருந்து அதே புத்தகத்தை எடுத்து, குரலையும் அச்சையும் பொருத்திப் பார்த்து, தானாகவே படிக்கக் கற்றுக்கொள்கிறாள். மனத்தை உருக்கும் காட்சிதான். கூடத்தில் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. உருகும் அந்த நேரத்தில் ஒரு தவறான கணக்கு நமக்குத் தெரியாமல் உள்ளே நுழைகிறது. எழுத்து வந்தபின் மனச்சாட்சியும் வந்துவிடும் என்பது போலவும், அப்படியானால் அது இல்லாததற்கு எழுத்தறியாமையே காரணம் என்பது போலவும் காட்சிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. யாரும் வாய்விட்டு அப்படிச் சொல்லவில்லை. இசையும் ஒளியும் சொல்கின்றன.

இதைப் பெரம்பூரில் உட்கார்ந்து ஏற்றுக்கொள்வது கடினம். 1918ஆம் ஆண்டு ஏப்ரலில் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது இந்த வட்டாரத்தில்தான். அந்த ஆலைகளில் உழைத்தவர்களில் கைநாட்டுக்காரர்கள் ஏராளம். ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பது இங்கே டீக்கடைகளின் அன்றாட வழக்கமாக இருந்தது. கடிதத்தை அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்ன பாட்டிமார் நம் எல்லோர் வீட்டிலும் இருந்தார்கள். அவர்கள் தங்களுக்கு எழுத்து தெரியாததற்காக வெட்கப்பட்டதுண்டு. ஆகவே ஹன்னாவின் வெட்கம் நமக்கு அந்நியமானது அன்று. ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் மனிதர்கள் எரியும்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவர்களில் எவருக்கும் புத்தகம் தேவைப்பட்டிருக்காது. மறுபுறம், யூதர்களைக் கூண்டோடு அழிக்கும் திட்டத்தை ஒருங்கிணைக்க 1942 ஜனவரியில் பெர்லினின் வான்சே பகுதி மாளிகை ஒன்றில் கூடிய பதினைந்து பேரில் எட்டுப் பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள்.

படத்துக்குப் பின் நடந்த கலந்துரையாடலில் இந்தக் கருத்தை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னவர், வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். அவருடைய தந்தைவழி உறவினர்கள் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள். சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானிய ராணுவம் 1942, 1943ஆம் ஆண்டுகளில் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதைக்குத் தோட்டத்திலிருந்து ஆள் பிடித்துப் போனார்கள். போனவர்களில் ஒருவரும் அவர்கள் குடும்பத்துக்குத் திரும்பவில்லை. "பட்டியல் எழுதிக் கொடுத்தவர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, கிராணின்னு சொல்லுவாங்க, தம்பி. நல்லாப் படிச்சவர், கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு எங்கப்பா சொல்லுவார்" என்றார். ஒரு கல்லூரி மாணவி, "அந்தக் கிராணி மறுத்திருந்தா அவரையும் அனுப்பியிருப்பாங்களே ஐயா?" என்று கேட்டார். "அனுப்பியிருப்பாங்கம்மா. அதனாலதான் எங்கப்பா கடைசிவரைக்கும் அவரைத் திட்டினதும் இல்ல, அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனதும் இல்ல" என்று பதில் வந்தது. ஹன்னா நீதிபதியிடம் கேட்ட கேள்விக்கு இதைவிட நெருக்கமான பதிலை நான் கேட்டதில்லை. இந்தத் திரையிடலுக்குப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு, இந்தக் கலந்துரையாடலுக்காகவே போகலாம் என்பேன்.

படத்தின் மேல் நான் வைத்த மறுப்பைப் படமே ஓரளவு உணர்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். விடுதலைக்குச் சில நாட்களுக்கு முன், 1988இல், முதியவளான ஹன்னாவை மிக்கேல் சிறையில் சந்திக்கிறான். பழையதை நினைத்துப் பார்ப்பதுண்டா, என்ன கற்றுக்கொண்டாய் என்று அவன் கேட்கும்போது, நான் என்ன நினைத்தாலும் செத்தவர்கள் செத்தவர்கள்தான் என்ற பொருளில் பேசிவிட்டு, படிக்கக் கற்றுக்கொண்டேன் என்று மட்டும் சொல்கிறாள். அவன் கையை விலக்கிக்கொள்கிறான். அவள் விடுதலை நாளில் உயிரை மாய்த்துக்கொள்வது குற்ற உணர்வாலா, அந்தக் கை விலகியதாலா என்பதை முடிவுசெய்ய நமக்கு இடம் இருக்கிறது. பிறகு நியூயார்க்கில், தேவாலயத் தீயிலிருந்து தன் தாயோடு தப்பிய யூதப் பெண்ணிடம் ஹன்னாவின் சேமிப்பை மிக்கேல் கொண்டுபோய்க் கொடுக்கும் காட்சியில், அந்தப் பெண்ணாக லீனா ஓலின் சில நிமிடங்களே வந்தாலும் படத்தின் இரக்கத்தை அப்படியே நிறுத்திக் கேள்வி கேட்கிறார். முகாம்களிலிருந்து பாடம் கற்கலாம் என்று வருகிறவர்களை அவர் கடுமையாக மறுக்கிறார். பணத்தை வாங்க மறுத்து, அது இருந்த தேயிலை டப்பாவை மட்டும் வைத்துக்கொள்கிறார். படத்தில் பாதிக்கப்பட்டவர் ஒருவர் தன் சொந்த வீட்டில், தன் சொந்தக் குரலில் பேசும் ஒரே இடம் இது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் படத்தில் இது மிகக் குறைவு; குற்றம் செய்தவளின் முகத்துக்கு எத்தனை நெருக்கக் காட்சிகள் கிடைத்தன என்று எண்ணிப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும்.

நடுவயது மிக்கேலாக வரும் ரால்ஃப் பைன்ஸ் இறுக்கத்தை நன்றாகக் காட்டுகிறார். சில இடங்களில் இறுக்கத்தை மட்டுமே காட்டுகிறார். பேராசிரியராக வரும் புரூனோ கான்ஸ் கிடைத்த சிறு இடத்தில் அழுத்தமாக நிற்கிறார். கிறிஸ் மெங்கஸ், ரோஜர் டீக்கின்ஸ் ஆகியோரின் ஒளிப்பதிவு குறையற்றது. மேலே சொன்னபடி, முதல் பகுதியில் தேவைக்கு மேல் அழகானது. ஜெர்மானியக் கதையை எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுவது முதலில் உறுத்தினாலும் விரைவில் பழகிவிடுகிறது.

தனியாக வீட்டில் பார்ப்பதைவிடப் பலரோடு சேர்ந்து பார்த்து, பிறகு பேச வேண்டிய படம் இது. அமைப்பாளர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள்: அறிவிப்பில் வயது வரம்பைத் தெளிவாக அச்சிடுங்கள், ஒலிபெருக்கிகளைத் திரையோரத்திலிருந்து நகர்த்திக் கூடத்தின் நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள், படத்தை அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்குங்கள். ஒன்பது மணிக்குக் கூடத்தைக் காலிசெய்ய வேண்டும் என்று காவலாளி வந்து நின்றபோது, வழக்கறிஞர் ஒருவர் ஆயுள் தண்டனைத் தீர்ப்பைப் பற்றிப் பேச அப்போதுதான் எழுந்திருந்தார். அவருடைய வாதத்தின் மீதியைப் படிக்கட்டில் இறங்கியபடி அரைகுறையாகத்தான் கேட்க முடிந்தது.